பக்கத்துக் கல்லறைக்காரர்

சிந்தியாவிடம் யாராவது "முடியாது" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையோ, வாரம் தவறாமல் யாராவது முடியாது என்று சொல்லிக்கொண்டே இருக்கிற வேலை. பொருத்தம் பார்த்துத்தான் முடிச்சுப் போட்டிருந்தார் ஆண்டவர்.

புதுச்சேரியில் சாரம் பகுதியில் வீடு. காலையில் பஸ் பிடித்துப் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போவாள். அங்கே பட்டம் வாங்கியவர்கள் எழுதிக் கொடுத்த ஆய்வேடுகள் மேல்மாடி அலமாரிகளில் தடித் தடியாக நிற்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படிக்கும்படி நூலகத்தின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். புதிதாக எழுதுகிறவர்கள் ஆய்வேட்டைக் கொடுக்கும்போதே சம்மதம் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பழைய ஆட்களைத்தான் தேடிப் பிடித்து, போன் போட்டு, சம்மதம் வாங்க வேண்டும்.

போனில் கேட்பதை வைத்து ஒரு நாடகமே போடலாம். ஒருவர், "அதுல நெறைய தப்பு இருக்கும்மா, வெளியே காட்டிடாத" என்று கெஞ்சுவார். இன்னொருவருக்கு எழுதியதே மறந்துபோயிருக்கும்; "நானா? எதப் பத்தி எழுதினேன்?" என்று இவளையே கேட்பார். ஓர் அம்மாள் தன்னைச் சிந்தியா "டாக்டர்" என்று கூப்பிட்டதைக் கேட்டு அழுதுவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு யாரும் அப்படிக் கூப்பிட்டதே இல்லையாம். முடியாது என்று வைத்துவிடுகிறவர்களைச் சிந்தியா விடமாட்டாள். அடுத்த மாதம் மறுபடி கூப்பிடுவாள். பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்கிற சாக்கில் ஒருமுறை, தீபாவளிக்கு ஒருமுறை.

இன்னொரு வேலையும் அவள் தலையில் இருந்தது. நூலக வாசலில் நுழைந்ததும் ஒரு நீள மேசை. ஆகஸ்டில் சுதந்திர நாள், நவம்பர் ஒன்றில் புதுச்சேரி விடுதலை நாள் என்று ஊர் எதைக் கொண்டாடுகிறதோ எதை நினைக்கிறதோ, அதற்கேற்ற புத்தகங்களையும் படங்களையும் அந்த மேசையில் பரப்பி வைக்க வேண்டும். யாரும் அவளுக்கு அதை வேலையாகக் கொடுக்கவில்லை. ஒரு வருஷம் தானாகச் செய்தாள்; மறு வருஷம், "என்னம்மா, மேசை காலியா கெடக்குது?" என்று கேட்டார்கள். அன்றிலிருந்து மாட்டிக்கொண்டாள்.

ஆய்வுகளை எல்லோரும் காசில்லாமல் படிக்கத் திறந்து வைக்க வேண்டும் என்று அக்டோபர் கடைசியில் உலகம் முழுக்க ஒரு வாரம் கொண்டாடுகிறார்கள். அது முடிந்த கையோடு நவம்பர் இரண்டு, இறந்தவர்களை நினைத்துக் கல்லறைகளில் மெழுகுத்திரி ஏற்றும் கல்லறைத் திருநாள். போன வருஷம் நூலகர் மேடம், "இந்த ரெண்டையும் சேர்த்து ஒரே மேசையா போட முடியுமா சிந்தியா?" என்று கேட்டார். முடியாது என்ற சொல்தான் இவளுக்கு ஆகாதே. சரி என்று தலையாட்டிவிட்டு வந்து உட்கார்ந்ததும், கமலக்கண்ணன் சார் எழுதிய ஆய்வேடு நினைவுக்கு வந்தது. புதுச்சேரிக் கல்லறைத் தோட்டங்களைப் பற்றிய ஆய்வேடு அது. அவர் அதுவரை சம்மதமே கொடுக்கவில்லை.

கல்லறைத் திருநாள் என்றால் சிந்தியாவின் வீட்டில் எப்போதும் ஒரு கனம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அவளுடைய அப்பா அமலநாதன் பஞ்சாலைத் தொழிலாளி. சிந்தியா பள்ளிக்கூடத்தில் சேர்ந்த வருஷம் மஞ்சள் காமாலை வந்து இறந்துபோனார். அவரை அடக்கம் செய்த அன்றுதான் அம்மா பிலோமினுக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரியில் ரெக்ஸ் பிறந்துகொண்டிருந்தான். கல்லறைத் தோட்டத்தில் அவனுடைய அப்பாவை மண்ணில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மா போகவில்லை, பார்க்கவில்லை; சின்னப் பிள்ளை என்று சிந்தியாவையும் கூட்டிப் போகவில்லை. பச்சைக் குழந்தையோடு இருந்தவளை, உடம்பு தேறுவதற்குள் அவளுடைய அண்ணன் வந்து திருச்சிக்குக் கூட்டிப் போய்விட்டார். கூட வேலை செய்தவர்கள் சேர்ந்து சின்னதாக ஒரு கல்லறை கட்டினார்கள் என்று கடிதத்தில் தெரிந்துகொண்டதோடு சரி.

சிந்தியாவுக்கு நூலக வேலை கிடைத்து, எல்லோரும் புதுச்சேரிக்குத் திரும்பி வந்தபோது ஆலையை மூடிவிட்டிருந்தார்கள். அங்கே வேலை பார்த்தவர்கள் நாலா பக்கமும் சிதறிப் போயிருந்தார்கள். தேடிப் பிடித்த ஒருவர், மேற்குச் சுவரோரம் என்றார். இன்னொருவர், இல்லையில்லை, பூவரச மரத்துக்குக் கிட்டே என்றார். அம்மாவும் மகளும் மகனும் வரிசை வரிசையாகப் போய் ஒவ்வொரு பெயராகப் படித்தார்கள். அமலநாதன் என்ற பெயர் எங்கேயும் இல்லை. தோட்டத்தின் நடுவில் பெரிய சிலுவை ஒன்று இருக்கிறது. இடம் தெரியாமல் போனவர்களுக்காக வருகிறவர்கள் அதன் அடியில்தான் மெழுகுத்திரி ஏற்றுவார்கள். அம்மா வருஷா வருஷம் அந்தக் கூட்டத்தில் போய் நின்றுகொள்வாள்.

"கட்டின மனுஷன் எங்க படுத்திருக்கார்னே தெரியாத பொம்பள நானாத்தான் இருப்பேன்," என்று திரும்பி வரும்போது சொல்வாள். ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். ஒவ்வொரு வருஷமும் சிந்தியா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நடப்பாள்.

போன வருஷம் கோடையில் அம்மா நெஞ்சு வலியோடு ஆஸ்பத்திரியில் கிடந்து மீண்டு வந்தாள். வந்தவள் முன்போல நடக்கவில்லை. "இந்த நவம்பருக்கு மட்டும் என்னக் கொண்டுபோய் விட்டுடுங்கடா. அடுத்த நவம்பருக்கு நான் இருப்பனோ என்னவோ," என்றாள். ரெக்ஸ், "சும்மா இரும்மா" என்று அதட்டினான். அதட்டிவிட்டு வெளியே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சிந்தியா பார்த்தாள். அப்பா கிடைத்தால் அம்மா உயிரோடு இருக்கும்போதே கிடைக்க வேண்டும். அதற்கு அப்புறம் கிடைத்து யாருக்கு என்ன பிரயோஜனம்?

ஆனாலும் கமலக்கண்ணன் சாரின் ஆய்வேட்டைக் கேட்டபோது அவளுக்கு அந்த எண்ணம் கொஞ்சமும் இல்லை. அச்சுப் பிரதியை அவள் எப்போதோ எடுத்துப் பார்த்திருந்தாள். பெரிய குடும்பங்களின் பளிங்குக் கல்லறைகள், பிரெஞ்சில் செதுக்கிய வாசகங்கள், இரும்பு வேலிகள். பஞ்சாலைத் தொழிலாளிக்கு அங்கே என்ன வேலை? மேசைக்குப் பொருத்தமான சரக்கு என்று மட்டும்தான் நினைத்தாள்.

கமலக்கண்ணன் பாகூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கல்லூரியில் வரலாறு சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். போனை எடுத்ததும், "நீங்க சிந்தியாதானே? முடியாதும்மா," என்றார்.

"சார், நான் இன்னும் ஒண்ணும் கேக்கவே இல்லையே."

"தீபாவளி வாழ்த்து சொல்லிட்டு அதத்தான் கேப்பீங்க. ஒருத்தன் என் ஆய்வுல பக்கம் பக்கமா எடுத்து அவன் பேர்ல புத்தகம் போட்டுட்டான். நான் வெயில்ல நின்னு ஒவ்வொரு கல்லா படிச்சது. அவன் ஃபேனுக்கு அடியில உக்காந்து பேர் வாங்கிட்டான். இன்னும் தொறந்து வேற வெக்கணுமா?"

"பூட்டி வெச்சதாலதான் சார் அவனால எடுக்க முடிஞ்சது. மேல்மாடியில ஒரே ஒரு பிரதி. யாரு போய்ப் பார்க்கப் போறா? இணையதளத்துல உங்க பேரோட, வருஷத்தோட இருந்திருந்தா, படிக்கிற எந்தப் பையனும் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, திருடன் யாருன்னு சொல்லியிருப்பான்."

மறுபடியும் "முடியாது" வரும் என்று காத்திருந்தாள். "யோசிக்கிறேன்," என்று ஒரு குரல் வந்தது. அவரிடமிருந்து அந்த ஒரு சொல்லை வாங்கவே சில வருஷம் ஆகியிருந்தது.

இரண்டு நாள் கழித்து, நல்ல மழையில், பஸ் பிடித்து நேரிலேயே வந்து நின்றார். கையில் ஒரு தகரப் பெட்டி. சம்மதக் கடிதத்தை முதலில் நீட்டினார். அப்புறம் பெட்டியை மேசை மேல் வைத்தார்.

"தொறக்கிறதுன்னு ஆச்சு, முழுசா தொறந்துடுங்க. ஆய்வேட்டுல போட்டது கொஞ்சம்தான். எங்க கைடு, 'சிமென்ட் கல்லறையெல்லாம் எதுக்குய்யா, கலையழகு இருக்கிறத மட்டும் வை'ன்னு சொல்லி மீதியை எடுக்க வெச்சுட்டாரு. நான் எல்லாத்தையும் போட்டோ புடிச்சிருந்தேன். கடன் வாங்கின கேமராதான், ஆனா ஒண்ணு விடல."

பெட்டிக்குள் கறுப்பு வெள்ளைப் படங்கள் கட்டுக் கட்டாக இருந்தன. தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் எடுத்தவை. ஓரம் மடங்கியிருந்தாலும் செல்லரிக்காமல் வேப்பிலை போட்டு வைத்திருந்தார். சிந்தியா ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்ய ஆரம்பித்தாள். சிமென்ட் கல்லறைகள், வெறும் மண்மேடுகள், சாய்ந்த சிலுவைகள். தச்சர், மீனவர், சமையல்காரர், பேண்டு வாத்தியக்காரர். கைடுக்கு வேண்டாத சனங்கள் எல்லாம் இந்தப் பெட்டிக்குள் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு படம் திரையில் மெல்ல மெல்ல இறங்கியது. இடது பக்கம் ஒரு சம்மனசு, தேவதூதர் சிலை, இரண்டு சிறகையும் விரித்து, சவரிமுத்து என்று பேர் பொறித்த கல்லறையின் தலைமாட்டில் நின்றுகொண்டிருந்தது. அதை ஒட்டி வலது பக்கம் சின்னதாக ஒரு சிமென்ட் கல்லறை. அதன்மேல் கறுப்புச் சாயத்தில் யாரோ கையால் எழுதியிருந்தார்கள். பாதி தேய்ந்த எழுத்து. பெரிதாக்கிப் பார்த்தாள்.

அமலநாதன். ஆலைத் தொழிலாளி. உடன் வேலை செய்தோர் வைத்தது. கீழே அவர் இறந்த வருஷம்.

சிந்தியா எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்தவர் என்ன என்று கேட்டதற்குத் திரையைக் காட்டினாள். அப்பாவின் முகமே அவளுக்குக் கல்யாணப் படத்தில் பார்த்த முகம்தான். இப்போது அவர் பெயரைப் பார்த்ததும் ஆறு வயசுப் பிள்ளை அழுவதுபோல் அழுகை வந்தது, வாய்விட்டே அழுதாள். அப்புறம்தான் இன்னொன்று உறைத்தது. அந்தச் சம்மனசை அவளுக்குத் தெரியும். இப்போது அதற்கு ஒரு சிறகு உடைந்திருக்கிறது. வருஷா வருஷம் அதைத் தாண்டித்தான் பெரிய சிலுவைக்குப் போகிறார்கள். அதன் பக்கத்தில் இருப்பது பேரே இல்லாத ஒரு வெள்ளைக் கல்லறை. பளிச்சென்று சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, யாரோ நன்றாகப் பார்த்துக்கொள்கிற கல்லறை. அதனால்தான் அவர்கள் அதைச் சந்தேகப்பட்டதே இல்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. ஒருவேளை அங்கே வேறு யாரையாவது வைத்துவிட்டிருந்தால்? நெஞ்சு சரியில்லாத மனுஷியிடம் பாதிச் செய்தியைச் சொல்லக் கூடாது. அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள்.

மழை விட்டிருந்தது. திருநாளுக்கு முந்தைய வாரம் என்றால் அங்கே கூட்டத்துக்குக் குறைச்சல் இருக்காது. புல் செதுக்குகிறவர்கள், வாளியில் தண்ணீர் சுமக்கிறவர்கள், சுண்ணாம்பு அடிக்கிறவர்கள். சம்மனசுக்குக் கிட்டே, நரைத்த கொண்டையும் பூப்போட்ட சேலையுமாக ஓர் அம்மாள், தூரிகை வைத்திருந்த பெரியவர் ஒருவரை வைதுகொண்டிருந்தாள்.

"முருகையா, பக்கத்து வூட்டுக்காரருக்கு மட்டும் ஒரு கோட்டு அடிச்சிட்டு ஏமாத்தப் பார்க்காத. எங்க வூட்டுக்காரருக்கு எத்தினியோ அவருக்கும் அத்தினி."

"மழை ஈரம்மா, காயட்டும். அடிக்கறேன்."

சிந்தியா கிட்டே போனாள். "இது உங்க கல்லறைங்களாம்மா?"

"சம்மனசு நிக்கறது எங்க வூட்டுக்காரரு. நான் சூசைமேரி, கருவடிக்குப்பம். பக்கத்துல இருக்கிறவரு யாருன்னு எனக்கும் தெரியாது பாப்பா. பக்கத்து வூட்டுக்காரருன்னுதான் கூப்புடறது. எங்க மனுஷனுக்குச் சீட்டாட ஒரு தொணை வேணும்ல."

"யாருன்னே தெரியாமலா இத்தன வருஷம் செய்யறீங்க?"

"எல்லாம் இந்த முருகையனால வந்தது," என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். "ஒரு வருஷம் என் பொண்ணுக்குப் பிரசவம், என்னால வர முடியல. 'சம்மனசு நிக்கற கல்லறைக்கு வெள்ளை அடி'ன்னு இவங்கிட்ட சொல்லிட்டுப் போயிட்டேன். அந்த வாரம் அடிச்ச புயல் காத்துல சம்மனசு கீழ வுழுந்து ஒரு செறகு போச்சு. யாரோ புண்ணியவான் அதத் தூக்கி இந்தப் பக்கத்துக் கல்லறை மேல நிறுத்தி வெச்சிருக்காங்க. இவன் வந்து இதுக்கு அடிச்சிட்டான்!"

"சம்மனசு நிக்கறதுக்குத்தானம்மா அடிக்கச் சொன்னீங்க? நின்னுச்சு, அடிச்சேன்," என்றார் முருகையன். எத்தனையோ தடவை சொல்லிப் பழகிய பதில் என்பது கேட்டதுமே தெரிந்தது.

"நான் திருநாளுக்கு வந்து பாக்கறேன், எங்க மனுஷன் பாசி புடிச்சுக் கெடக்கறாரு, இவரு மாப்பிள்ள மாதிரி இருக்கறாரு! அப்பறம் சம்மனசத் திருப்பி எங்களுதுல வெச்சு, எங்களுதுக்கும் அடிச்சோம். மறுவருஷம் வந்தப்ப, இவர விட்டுட்டு எங்களுதுக்கு மட்டும் எப்பிடி அடிக்கறது? போன வருஷம் செஞ்சல்ல, இந்த வருஷம் எனக்கு இன்னா கொறைன்னு கேக்க மாட்டாரா? அப்பிடியே பழக்கமாயிடுச்சு. சுண்ணாம்பு, பூ, மெழுகுத்திரி, பூசையில வேண்டிக்கறதுக்குப் பேர் எழுதிக் குடுக்கறது, எல்லாம் ரெண்டு பேருக்கும்தான். பேர் தெரியாததால, 'சவரிமுத்துவும் அவர் பக்கத்தில் இருக்கிறவரும்'னு எழுதுவேன். கோவில் சாமியாரே சிரிப்பாரு."

சிந்தியா சிரிக்கவில்லை. "இதுமேல எழுத்து ஒண்ணும் இல்லியா?"

"இருந்துச்சு," என்றார் முருகையன். "தேஞ்சுபோன எழுத்து. சொரண்டிட்டு மூணு கோட்டு அடிச்சேன்."

சிந்தியாவுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. அம்மா பெரிய சிலுவைக்குக் கீழே நின்ற வருஷங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கண்முன் வந்தன. இந்த ஆள் சுரண்டாமல் இருந்திருந்தால், திரும்பி வந்த முதல் வருஷமே படித்திருப்பார்கள். அவள் போனை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினாள். கூட்டம் இருக்கிறதென்றும் பார்க்காமல் கத்தினாள்.

"இது எங்க அப்பா. அமலநாதன். நாங்க இங்க ஒவ்வொரு கல்லா தேடினோம். எங்கம்மா இருபது வருஷத்துக்கு மேல இந்தக் கல்லறையைத் தாண்டிப் போயிருக்காங்க. நீங்க அழிச்சிட்டீங்க. பேரையே அழிச்சிட்டீங்க!"

சூசைமேரி அம்மாள் படத்தை வாங்கிப் பார்த்தாள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் புருஷனுடைய கல்லறைத் திட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ மாதாவே. நான் நல்லது செய்யறதா நெனச்சு ஒரு பொம்பளைய அழ வெச்சுட்டேனா?"

முருகையன் தூரிகையை வாளியில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். தன்னைத் திட்டியதில் அவருக்கு வருத்தமில்லை. சூசைமேரி அம்மாள் அழுவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"ஏம்மா, ஒண்ணு சொல்றேன், கேளு. நான் மாத்தி வெள்ளை அடிச்ச வருஷம், எடம் பத்தலன்னு, ஆள் வராத கல்லறைங்களுக்கெல்லாம் கரியால கோடு போட்டு வெச்சாங்க. பொங்கலுக்கு அப்பறம் தோண்டி வேற ஆள வெக்கறதுக்கு. அது எங்கியும் நடக்கறதுதான். இந்த வரிசையில கோடு போட்டதெல்லாம் போயிடுச்சு, பாரு, அந்த மூணும் புதுசு. உங்கப்பாவுதுலயும் கோடு இருந்துச்சு. அது எனக்கு அப்பத் தெரியாது, ஏதோ கரின்னு அதுக்கு மேலயே அடிச்சிட்டேன். தோண்டற ஆள் வந்து பார்த்தான். புதுசா வெள்ளை அடிச்சு, பளிச்சுனு இருக்குது. யாரோ வராங்கன்னு விட்டுட்டுப் போயிட்டான். அப்பறம் அவனே எங்கிட்ட சொன்னான்."

சிந்தியா பக்கத்தில் இருந்த மூன்று கல்லறைகளையும் பார்த்தாள். மூன்றிலும் அப்பா இறந்ததற்கு வெகு காலத்துக்குப் பிந்தைய வருஷங்கள். அந்த இடத்தில் முன்பு அப்பாவைப் போலவே யாரும் வராமல் போனவர்கள் கிடந்தார்கள். அவர்களுக்கு எந்தச் சம்மனசும் இடம் மாறி நிற்கவில்லை. பேர் இருந்து என்ன பயன்? எழுத்தை விட்டுவைத்து, வெள்ளை அடிக்காமல் கல்லறையே போயிருந்தால், அம்மா எதைத் தொட்டு அழுவாள்?

வந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. இவ்வளவு நேரம் கத்தியதற்கு வெட்கமாக இருந்தது. சூசைமேரி அம்மாளின் பக்கத்தில் போய் ஈரத் திட்டில் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சுண்ணாம்பும் சாமந்தியும் மணக்கிற கை.

"நீங்க எங்கப்பாவ எங்களுக்காக வெச்சிருந்து குடுத்திருக்கீங்கம்மா. நான் வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். மன்னிச்சிடுங்க."

"நீ பேசினதுல இன்னா இருக்குது பாப்பா. உங்கம்மா இருக்கறாங்களா? இருக்கறாங்கன்னு சொல்லு, எனக்கு அது போதும்."

"இருக்காங்க," என்று சொன்னபோது, அந்தச் சொல்லைச் சொல்லக் கிடைத்ததற்காகவே சிந்தியா ஆண்டவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள்.

அன்று வீட்டுக்குப் போய், அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து மெல்ல மெல்லச் சொன்னாள். பிலோமின் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தார்கள். அவளோ, "உடன் வேலை செஞ்சவங்கன்னு போட்டிருக்குதே, அது யாரு யாருன்னு எனக்குத் தெரியும்" என்று ஒவ்வொரு பேராகச் சொல்ல ஆரம்பித்தாள். ஒருவர் பேரையும் மறந்திருக்கவில்லை. ரெக்ஸ்தான் அழுதான்.

கமலக்கண்ணன் சாருக்குப் போன் போட்டபோது சிந்தியா, "சார், உங்க பெட்டி" என்று ஆரம்பித்து அழுதுவிட்டாள். அவர் பயந்துபோய், "இன்னாம்மா, பெட்டி நனைஞ்சுடுச்சா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னாள். கேட்டவர், "மீதிப் படத்தையெல்லாம் எப்ப ஏத்துவீங்க? சீக்கிரம் ஏத்துங்கம்மா, எத்தன பேரு தேடறாங்களோ," என்று அவசரப்படுத்தினார். சிந்தியா கூப்பிட்டாலே முடியாது என்றிருந்த மனுஷன், அந்த வாரம் தினமும் இரண்டு முறை கூப்பிட்டார்.

விடுதலை நாளுக்கு முன்பே எல்லாப் படங்களும் அவருடைய பெயரோடு இணையதளத்துக்குப் போய்விட்டன. யாரோ சுட்டியைப் பங்குக் கோவில் வாட்ஸாப்பில் போட, நூலக வாசலில் அதுவரை கால் வைத்திராத ஆட்கள் வந்து நின்றார்கள். வலை பின்னுகிற ஒருவர், "இங்க எங்க தாத்தா படம் இருக்குதாமே" என்று செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே வந்தார். சிந்தியா மேசைப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் தேடிக் கொடுத்தாள். எல்லோருக்கும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நன்றியெல்லாம் தனக்கு உரியது இல்லை என்று கூச்சப்பட்டு, "கமலக்கண்ணன் சாருக்குச் சொல்லுங்க" என்று அவர் நம்பரை எழுதிக் கொடுத்தாள். திறந்து விட்டால் அவருக்குப் பேர் கிடைக்கும் என்று அவள் கொடுத்த வாக்கு இப்படிப் பலித்தது.

கல்லறைத் திருநாளன்று வெயில் அடித்தது. முருகையன் முதல் நாளே வந்து, படத்தைப் பார்த்துப் பார்த்து, அதே வாசகத்தை அதே இடத்தில் எழுதி வைத்திருந்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார். ரெக்ஸ் அம்மாவை ஆட்டோவில் கொண்டுவந்து, வாசலிலிருந்து நாற்காலியோடு தூக்கிப் போய்ச் சம்மனசுக்குப் பக்கத்தில் வைத்தான். பிலோமின் குனிந்து எழுத்துகளின்மேல் கையை வைத்தாள். முதலில் பேர்மேல், அப்புறம் மெதுவாக ஒவ்வொரு வரியாக. "வந்துட்டேன்," என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை. சிந்தியாவும் ரெக்ஸும் ஆளுக்கொரு பக்கம் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அழுகை வந்தது, அதைவிட அதிகமாக நிம்மதி வந்தது.

சூசைமேரி அம்மாள் வந்திருந்தாள். சவரிமுத்துவுக்குப் பூ வைத்துத் திரியும் ஏற்றிவிட்டு, தள்ளிப் போய் நின்றுகொண்டிருந்தாள். கையில் இன்னொரு பங்குப் பூவும் மெழுகுத்திரியும் மிச்சம் இருந்தன. பழக்கத்தில் வாங்கி வந்துவிட்டாள். இப்போது என்ன செய்வதென்று தெரியாமல் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள், இனிமேல் தனக்கு இங்கே என்ன வேலை என்ற எண்ணம் முகத்தில் தெரிந்தது. சிந்தியா பார்த்துவிட்டு, அவளைக் கூப்பிடப் போனாள். அதற்குள் பிலோமினே திரும்பிப் பார்த்தாள்.

"சூசைமேரி நீதானா? ஏம்மா அங்க நிக்கற?"

"நீங்க ஏத்துங்கக்கா. இத்தன வருஷம் கழிச்சு வந்திருக்கீங்க. உங்க மனுஷன். நான் இன்னா, மூணாம் மனுஷி."

பிலோமின் தன் மடியில் இருந்த மெழுகுத்திரியை எடுக்கவில்லை. கையை நீட்டி, சூசைமேரியின் சேலைத் தலைப்பைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

"நான் வராத வருஷமெல்லாம் இவருக்கு நீதான ஏத்தின? திடீர்னு நான் வந்து ஏத்துனா, அந்தம்மா எங்கேன்னு என்னக் கேக்க மாட்டாரா? நீ மொதல்ல ஏத்து. நான் உன்னுதுலருந்து பத்த வெச்சுக்கறேன்."